மரச்செருப்பு நடை

1991இல் வெளிவந்த ‘ஸ்டார் ட்ரெக்’ வரிசையின் ஆறாவது படத்தில் ஒரு காட்சி. விண்கலத்தைத் திருப்பிக்கொண்டு வரும்படி தலைமையிடத்து உத்தரவு வந்துவிட்டது. கலத்தில் இருப்பவர்களுக்குத் திரும்ப மனமில்லை. முகத்துக்கு நேரே மறுக்கவும் முடியாது. அப்போது வலேரிஸ் என்கிற இளம் அதிகாரி ஒரு கதை சொல்கிறாள். பூமியில் சில நூற்றாண்டுகளுக்கு முன்னால், எந்திரம் தங்கள் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிடும் என்று அஞ்சிய தொழிலாளர்கள், காலில் கிடந்த மரச்செருப்பைக் கழற்றி எந்திரத்துக்குள் எறிந்தார்களாம். அந்தச் செருப்புக்கு சபோ என்று பெயராம். சபோட்டாஜ் என்ற சொல் அப்படித்தான் வந்ததாம். கதையைக் கேட்டவர்கள் எதையும் எறியவில்லை, எதையும் உடைக்கவில்லை. தொழில்நுட்பக் கோளாறு, மாற்றுக் கருவிகளும் வேலை செய்யவில்லை என்று ஒரு சாக்கைச் சொல்லிவிட்டுத் தங்கள் காரியத்தைப் பார்க்கிறார்கள்.

அவள் சொன்ன கதை பொய். கதையைக் கேட்டபின் அவர்கள் செய்தார்களே, அதுதான் அந்தச் சொல் முதலில் குறித்த காரியம். படத்தை எழுதியவர்கள் இதை அறிந்து எழுதியிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

செருப்பெறிந்த கதைக்கு ஊர் நிலையாக இல்லை. சிலர் ஹாலந்து என்பார்கள், சிலர் பெல்ஜியம், பலர் பிரான்ஸ். காலமும் பதினைந்தாம் நூற்றாண்டுக்கும் பத்தொன்பதாம் நூற்றாண்டுக்கும் இடையே ஓடித் திரிகிறது. எறிந்தவன் பெயர் கிடையாது, ஆலையின் பெயர் கிடையாது, அந்தக் காலத்து ஆவணம் ஒன்றுகூடச் சாட்சிக்கு வருவதில்லை. என்னுடைய சந்தேகம் இதைவிட எளிமையானது. மரச்செருப்பு போடுகிறவன் ஏழை. அவனிடம் இருப்பது ஒரே சோடி. அதில் ஒன்றை எந்திரத்துக்குத் தின்னக் கொடுத்துவிட்டு ஒற்றைச் செருப்போடு மேஸ்திரி முன்னால் அவன் நின்றால், அவனைவிட வசதியான குற்றவாளி எந்தப் போலீசுக்கும் கிடைக்க மாட்டான்.

எந்திரத்தை உடைத்தவர்கள் உண்டு. அவர்கள் செருப்பை நம்பவில்லை. 1811இல் நாட்டிங்காம் பக்கத்தில் தொடங்கி யார்க்‌ஷயர், லங்காஷயர் என்று பரவிய லட்டைட்டுகள் சம்மட்டியோடு போனார்கள். யார்க்‌ஷயரில் அந்தச் சம்மட்டிக்கு ஏனோக் என்று பெயர். மார்ஸ்டன் ஊர்க் கொல்லர் ஏனோக் டெய்லரின் பட்டறை அந்தச் சம்மட்டிகளையும் செய்தது, அவை உடைத்த எந்திரங்களையும் செய்தது. 1812இல், எந்திரத்தை உடைத்தால் தூக்கு என்று சட்டம் வந்தபோது பிரபுக்கள் சபையில் எதிர்த்துப் பேசியவர் இருபத்து நான்கு வயதுக் கவிஞர் பைரன். இவ்வளவு ரகளைக்கு நடுவிலும் சபோட்டாஜ் என்று யாரும் சொல்லவில்லை. இந்தப் பொருளில் அந்தச் சொல் அரங்கேற இன்னும் எண்பத்தைந்து ஆண்டுகள் பாக்கியிருந்தன.

சபோ, நம் பாதக்குறடு மாதிரி ஒரு பலகையும் விரலிடுக்கில் ஒரு குமிழுமாக இருப்பதல்ல. ஒரே மரத்துண்டைக் குடைந்து, பாதம் முழுவதும் உள்ளே போகும்படி செய்வது. சேற்றுக்கும் மாட்டுக்கொட்டிலுக்கும் அதுபோல் உகந்தது இல்லை. ஈரம் ஏறாது, விலையும் மலிவு. குளிருக்கு உள்ளே வைக்கோலைத் திணித்துக்கொள்வார்கள். ஆனால் மரம் மடங்காது. நடக்கும்போது நம் பாதம் நடுவில் வளைந்து குதிகாலை எழுப்புகிறதே, அது இதில் நடக்காது. காலை அப்படியே தூக்கி அப்படியே வைக்க வேண்டும். கிராமத்து மண்ணில் இது யாருக்கும் உறுத்தவில்லை. கல் பாவிய நகரத் தெருவில் ‘டொக் டொக்’ என்று ஊரைக் கூட்டியது. தோல்செருப்பு போட்ட பட்டணத்துக்காரனுக்கு அந்தச் சத்தமே பட்டிக்காட்டான் வருகிறான் என்ற அறிவிப்பு.

இங்கே ஒரு சின்ன விலகல். சபோ என்ற பிரெஞ்சுச் சொல், தேய்ந்த செருப்பைக் குறிக்கும் சவாத் என்ற சொல்லும் பூட்ஸ் வகையைக் குறிக்கும் இன்னொரு சொல்லும் கலந்து உண்டானது என்பது சொல்லாராய்ச்சிக்காரர்களின் முடிவு. சவாத்தின் உறவுக்காரர்கள் ஐரோப்பா முழுக்க இருக்கிறார்கள்: இத்தாலியில் ச்சபாத்தா, ஸ்பெயினில் சப்பாத்தோ, போர்ச்சுகலில் சப்பாத்து. போர்த்துக்கீசியர் கப்பலேறி இலங்கைக்கு வந்தபோது இதுவும் கூட வந்தது. யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போகிறது அல்லவா, அந்தச் சப்பாத்தும் சபோட்டாஜும் தூரத்துப் பங்காளிகள்.

சபோவிலிருந்து சபோத்தே என்று ஒரு வினைச்சொல் பிறந்தது. மரச்செருப்பு செய்வது, மரச்செருப்போடு சத்தம் போட்டு நடப்பது என்ற நேர்ப்பொருள்களோடு, வேலையை அரைகுறையாக அள்ளித் தெளித்து முடிப்பது என்ற பொருளும் சேர்ந்துகொண்டது. பாரிஸ் தெருப்பேச்சுக்கென்று தெ’ஓத்தெல் என்பவர் 1808இல் வெளியிட்ட அகராதியிலேயே அது வந்துவிட்டது. மட்டமான பிடிலையும் சபோ என்றார்கள். யாரும் எதையும் எறியாமலே, ஏழையின் செருப்பு மோசமான வேலைக்குப் பெயராகிவிட்டது. ஏளனச் சொல்தான், தோல்செருப்புக்காரன் மரச்செருப்புக்காரனைப் பார்த்துச் சொன்னது. அந்த ஏளனத்தை எடுத்துத் தங்கள் ஆயுதமாக்கிக்கொண்டவர்களின் கதை ஸ்காட்லாந்தில் தொடங்குகிறது.

1889இல் கிளாஸ்கோ துறைமுகத் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டு வேலையை நிறுத்தினார்கள். முதலாளிகள் வயலில் வேலை செய்துகொண்டிருந்த ஆட்களைத் திரட்டிக்கொண்டு வந்து கப்பலில் ஏற்றினார்கள். அவர்களுக்குக் கப்பல் தளத்தில் நடக்கவே வரவில்லை. இருந்தாலும் சரக்கு எப்படியோ இறங்கியது, வேலைநிறுத்தம் தோற்றது. பழைய கூலிக்கே திரும்பிப் போவதற்கு முன் சங்கச் செயலாளர் தன் ஆட்களிடம் பேசினார். அவர் பேச்சின் சாரம் இதுதான்: முதலாளிமார் அந்த வயலாட்களின் வேலை ரொம்பத் திருப்தி என்று வாயாரச் சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் தூக்கியதில் பாதியைக் கீழே போட்டதை நாம் பார்த்தோம். இரண்டு பேர் சேர்ந்தாலும் நம்மில் ஒருவன் வேலை ஆகவில்லை என்பதையும் பார்த்தோம். அதுவே திருப்தி என்றால் நாமும் அதையே கொடுப்போம். அவர்களில் சிலர் தவறித் தண்ணீரில் விழுந்தார்கள். அதைமட்டும் நீங்கள் செய்ய வேண்டியதில்லை.

சில நாட்கள் கிளாஸ்கோ துறைமுகத்தில் தேர்ந்த கைகள் தேராத கைகளாக நடித்தன. கேட்ட கூலி கிடைத்தது. இந்த முறைக்கு ஸ்காட்லாந்து வழக்கில் ‘கா கேனி’ என்று பெயர். பார்த்து மெதுவாகப் போ என்பதுதான் அதன் பொருள். வேலைநிறுத்தம் செய்கிறவன் கூலியை இழக்கிறான், வேலையையும் இழக்கக்கூடும், வாசலில் போலீஸ் நிற்கும். கா கேனிக்காரன் காலையில் மணியடித்ததும் உள்ளே போகிறான், மாலையில் வருகிறான், நாள் முழுக்க ஓயாமல் அசைந்துகொண்டே இருக்கிறான். எதற்காக அவனைப் பிடிப்பது?

இந்தக் கதையை பிரான்சுக்குக் கொண்டுபோனவர் எமில் பூழே. அராஜகவாதி, 1883இல் வேலையில்லாதோர் ஊர்வலத்தில் லூயிஸ் மிஷேலோடு கைதாகிச் சிறைக்குப் போனவர். 1889இல் ‘லெ பேர் பெனார்’ என்ற வாரப் பத்திரிகையைத் தொடங்கினார். பத்திரிகை முழுக்கப் பாரிஸ் குடிசைப்பகுதிக் கொச்சை. அதைப் பேசுகிற பெனார் கிழவன் ஒரு செருப்புத் தைக்கும் தொழிலாளி. அவன் சிந்தனைகள் என்றுதான் பத்திரிகையின் துணைத்தலைப்பே அறிவித்தது. செருப்பிலிருந்து வந்த சொல்லைச் செருப்புத் தைப்பவனின் முகமூடி போட்ட பத்திரிகையாளர் ஊரறியச் செய்தது தற்செயல்தான், ஆனாலும் எனக்குப் பிடித்த தற்செயல். 1894இல் அராஜகவாதிகளை ஒடுக்கும் சட்டங்கள் வந்ததும் பூழே லண்டனுக்கு ஓடினார். அங்கேதான் பிரிட்டிஷ் சங்கங்களைப் பக்கத்திலிருந்து பார்த்தார். கா கேனியைப் பற்றியும் தெரிந்துகொண்டார்.

திரும்பி வந்தபின், 1897இல் துலூஸ் நகரில் தொழிலாளர் பொதுக் கூட்டமைப்பின் மாநாடு. பூழேயும் போல் தெலசாலும் முன்நின்ற குழு ஓர் அறிக்கை வைத்தது. அதன் பொருள் இரண்டு: பாய்காட், சபோட்டாஜ். இரண்டாவதைப் பிரெஞ்சில் அப்போது ஓரெழுத்து கூடுதலாகப் போட்டு, முதல் சொல்லின் வடிவத்துக்கு இணையாக எழுதினார்கள். பாய்காட் அப்போது பதினேழு வயதுச் சொல். 1880இல் அயர்லாந்தின் மேயோ மாவட்டத்தில் குத்தகைக்காரர்கள் ஊர்விலக்கு செய்த நில நிர்வாகி கேப்டன் பாய்காட்டின் பெயரிலிருந்து வந்தது. அதற்கு ஜோடியாக இதைக் கோத்துவிட்டதில் பத்திரிகைக்காரரின் காது தெரிகிறது. பொருள் வாங்குபவன் கையில் பாய்காட், வேலை செய்பவன் கையில் சபோட்டாஜ். உழைப்பும் சந்தைச் சரக்குதான் என்று முதலாளி சொன்னால், குறைந்த விலைக்கு மட்டமான சரக்குதானே கிடைக்கும் என்பது அறிக்கையின் தர்க்கம். மாநாடு கைதட்டி ஏற்றுக்கொண்டது.

பூழே பின்னாளில் எழுதிய சிறுநூலில் உடைப்பதும் உண்டு, பொருளைக் கெடுப்பதும் உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அவருக்கு உற்சாகம் வருவது வேறு இடங்களில். ஒன்றை ‘திறந்த வாய்’ என்றார். கடைச் சிப்பந்தி வாடிக்கையாளரிடம் உண்மையைச் சொல்லிவிடுவது. இந்தப் பாலில் தண்ணீர் கலந்திருக்கிறது, இந்தத் துணி இரண்டு வெளுப்புக்குத் தாங்காது, இந்தக் குழம்பில் போட்டிருப்பது நேற்றைய கறி. அவ்வளவுதான். ஒன்றும் உடையவில்லை, ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. முதலாளியின் வியாபாரம் படுத்துவிடும். நேர்மையை நாசவேலைப் பட்டியலில் சேர்க்க முடிகிற ஓர் ஏற்பாட்டைப் பற்றி பூழே அதற்குமேல் விளக்கம் எழுதவில்லை, தேவைப்படவுமில்லை.

இன்னொன்று இத்தாலிய ரயில்வே தொழிலாளர்கள் 1905இல் செய்தது. வேலைநிறுத்தத்தைத் தடைசெய்யும் சட்டம் வரப்போகிறது என்றதும் அவர்கள் விதிப்புத்தகத்தை எடுத்தார்கள். ஒவ்வொரு விதியையும் எழுத்துக்கு எழுத்து கடைப்பிடித்தார்கள். சரிபார்க்கச் சொன்ன எல்லாவற்றையும் சரிபார்த்தார்கள், எழுதச் சொன்ன எல்லாவற்றையும் எழுதினார்கள். ரயில்கள் நின்றுபோயின. நம் ஊரில் வங்கிக்காரர்களும் போக்குவரத்து ஊழியர்களும் ‘விதிப்படி வேலை’ என்று அறிவிக்கும்போது நாம் நடுங்குவதும் இதனால்தான். விதியை மீறித்தான் எந்த அலுவலகமும் ஓடுகிறது என்பதை விதி எழுதியவர்களும் அறிவார்கள். ஆயிரம் பக்க விதிப்புத்தகத்துக்கும் ஓடும் ரயிலுக்கும் நடுவே உள்ள இடைவெளியைத் தொழிலாளி தன் அனுபவத்தாலும் அனுசரிப்பாலும் தினமும் நிரப்புகிறான். அதற்குச் சம்பளப் பட்டியலில் தனிக் கலம் இல்லை. அதை ஒருநாள் திரும்ப எடுத்துக்கொள்வதுதான் சபோட்டாஜ். அமெரிக்காவின் உலகத் தொழில் தொழிலாளர் சங்கத்தைச் சேர்ந்த எலிசபெத் கர்லி ஃப்ளின் பிற்பாடு இதே பொருளில், தொழிலாளி தன் திறமையை அறிந்தே பின்வாங்கிக்கொள்வது என்று வரையறுத்து, அதையே தன் சிறுநூலுக்குத் துணைத்தலைப்பாக வைத்தார்.

இதை எதிர்த்தவர்களை முதலாளிக்கு வேண்டியவர்கள் என்று தள்ளிவிட முடியாது. சோஷலிஸ்ட் தலைவர் ழான் ழோரேஸ் எதிர்த்தார். வன்முறையைப் பற்றித் தத்துவ நூலே எழுதிய ழோர்ழ் சொரேலுக்கும் இது ஆகவில்லை. ழோரேஸின் மறுப்பை நான் மதிக்கிறேன். தேர்ந்த தொழிலாளியின் கௌரவம் அவன் கையில் இருக்கிறது. அந்தக் கையைக் கொண்டு தெரிந்தே மோசமாகச் செய்யச் சொல்வது அவன் இயல்புக்கே விரோதம் என்றார் அவர். செய்து பார்த்தால் தெரியும். நன்றாக எழுத வருகிறவன் வேண்டுமென்றே ஒரு பக்கம் மோசமாக எழுதிப் பார்க்கட்டும். ஒவ்வொரு வாக்கியத்திலும் கை தானாகச் சரிசெய்யப் போகும், அதைத் தட்டித்தட்டி நிறுத்த வேண்டியிருக்கும். கிளாஸ்கோவில் மூட்டையை நழுவவிட்டவனும் முதல் நாள் கூச்சத்தோடுதான் விட்டிருப்பான். முப்பது ஆண்டுகளாகத் தளத்தில் கால் பிசகாமல் நடந்தவன் பிசகி நடக்கப் பழக வேண்டும். அதில் அவமானம் இருக்கிறது, யாருக்கும் தெரியாத அவமானம். பூழேயிடம் இதற்குப் பதில் இருந்தது: கௌரவத்தைக் கூலிக்கணக்கில் யாராவது சேர்த்தார்களா என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஆனாலும் ழோரேஸ் சொன்னதை அது முழுதாகக் கரைத்துவிடவில்லை என்றே நினைக்கிறேன்.

1910 அக்டோபரில் பிரெஞ்சு ரயில்வே வேலைநிறுத்தம். பிரதமர் பிரியான், இளமையில் பொதுவேலைநிறுத்தத்துக்காக மேடை மேடையாகப் பேசியவர், தொழிலாளர்களைப் படையாட்களாக அறிவித்து வேலைக்கு இழுத்தார். தந்திக்கம்பிகள் அறுபட்டன, சிக்னல்கள் பழுதாயின. லண்டன் பத்திரிகைகள் இந்தச் செய்திகளோடு சபோட்டாஜ் என்ற சொல்லையும் வாங்கிப் போட்டன. ஆங்கிலத்துக்குள் அது நுழைந்த வாசல் இது. மெதுவேலையையும் திறந்த வாயையும் படமெடுக்க முடியாது. அறுந்த கம்பியை எடுக்கலாம். ஆகவே ஆங்கிலத்தில் அது வந்து இறங்கியபோதே கையில் கம்பி வெட்டும் கத்தரியோடு இறங்கியது. தண்டவாளத்தைத் தாங்கும் இரும்புக்கட்டைக்கும் பிரெஞ்சில் சபோ என்று பெயர் உண்டு. வேலைநிறுத்தக்காரர்கள் அதை அறுத்ததால் சபோட்டாஜ் வந்தது என்று ஒரு விளக்கமும் உடனே கிளம்பியது. துலூஸ் மாநாடு நடந்து பதின்மூன்று ஆண்டுகள் ஆகியிருந்ததை யாரும் பொருட்படுத்தவில்லை. செருப்பெறிந்த கதைக்கும் இதே விதிதான். மோசமாக வேலை செய்வது என்ற பழைய பொருளில் நீதிமன்றத்துக்கு வேலையில்லை. எறிந்த செருப்பு வேண்டும், சான்றுப்பொருளாக மேசைமேல் வைக்க.

இந்தச் சொல்லைக் குற்றக்கூண்டில் ஏற்றுவது அமெரிக்காவில் முழுமையாக நடந்தது. பூழேயின் நூலை ஆங்கிலத்தில் பெயர்த்தவர் ஆர்துரோ ஜொவானித்தி என்ற கவிஞர். 1912இன் லாரன்ஸ் நெசவாலை வேலைநிறுத்தத்தில் பொய்வழக்குப் போட்டு அடைக்கப்பட்ட சிறையிலிருந்து அதற்கு முன்னுரை எழுதினார். அதே ஆண்டு சோஷலிஸ்ட் கட்சி, சபோட்டாஜை ஆதரித்துப் பேசுகிறவர்களை நீக்க வேண்டும் என்று தன் அமைப்புவிதியில் சேர்த்தது. அடுத்த ஆண்டு, ஃப்ளின்னின் சங்கத்துத் தலைவர் பில் ஹேவுட்டின் கட்சி நிர்வாகக்குழுப் பதவி அதனால் பறிபோனது. 1913இல் பேட்டர்சன் பட்டாலை வேலைநிறுத்தம். சாயத்தில் எதையாவது கலந்து பட்டைக் கெடுக்கலாம் என்று பேசிய ஒருவருக்குத் தண்டனை கிடைத்தது. ஃப்ளின் அவருக்காக வாதாடும்போது பட்டுத்தொழிலின் இன்னொரு கலப்பை எடுத்துவைத்தார். வெள்ளீயம், ஈயம் போன்றவற்றின் உப்புகளில் ஊறவைத்துப் பட்டின் எடையைப் பலமடங்கு கூட்டி விற்பது ஆலைகளில் வழக்கம். அந்தத் துணி பெட்டிக்குள் மடித்து வைத்த இடத்திலேயே மடிப்போடு விட்டுப்போகும். முதலாளி கலந்தால் வியாபாரம், தொழிலாளி கலப்பதைப் பற்றி வாயைத் திறந்தாலே சிறை, இது என்ன கணக்கு என்று கேட்டார். 1917இல் இடாஹோ மாநிலம் சபோட்டாஜை ஆதரித்துப் பேசுவதையே குற்றமாக்கிச் சட்டம் போட்டது, மற்ற மாநிலங்களும் பின்தொடர்ந்தன. 1918இல் சிகாகோவில் சங்கத்தின் மேல் நடந்த வழக்கில் ஹேவுட்டுக்கு இருபது ஆண்டுச் சிறை. அந்தச் சங்கத்தின் சுவரொட்டிகளில் கறுப்புப் பூனையும் மரச்செருப்பும் சின்னங்களாக இருந்தது அரசுத்தரப்புக்கு ரொம்ப வசதியாகப் போயிற்று.

இந்த ஆரவாரத்துக்கு மத்தியில் சொல்லின் பழைய பொருளை நினைவில் வைத்திருந்தவர் ஒரு பொருளாதார அறிஞர். தோர்ஸ்டைன் வெப்லன் 1919இல், சபோட்டாஜின் இயல்பும் பயன்களும் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். மரச்செருப்புக்காரன் காலை இழுத்து இழுத்து நடக்கும் அந்த நடைதான் சொல்லின் மூலம் என்று சரியாக ஆரம்பித்தார். பிறகு மெல்லத் திரும்பினார். வேண்டுமென்றே திறமையைப் பின்வாங்கிக்கொள்வதுதான் சபோட்டாஜ் என்றால், அதைப் பெரிய அளவில், அன்றாடம், சட்டத்தின் முழுப் பாதுகாப்போடு செய்பவர்கள் ஆலை முதலாளிகள்தான் என்றார். விலை விழுந்துவிடக் கூடாது என்பதற்காக ஓடக்கூடிய எந்திரங்களை ஓட்டாமல் நிறுத்துகிறார்கள், ஆட்களை வீட்டுக்கு அனுப்புகிறார்கள், தேவைப்படும் சரக்கைத் தேவையான அளவு செய்யாமல் பார்த்துக்கொள்கிறார்கள். அதற்கு நல்ல நிர்வாகம் என்று பெயர். வெப்லன் கோபப்படாமல் எழுதுகிறவர். அவருடைய மேலோட்டமான மரியாதைக்குக் கீழே இருக்கும் குறும்பைத் தவறவிட்டால், அவர் முதலாளிகளைப் பாராட்டுகிறார் என்றே நினைத்துவிடுவோம்.

1944 ஜனவரி 17ஆம் தேதியிட்டு அமெரிக்க உளவு அமைப்பான ஓஎஸ்எஸ் ஒரு கையேடு தயாரித்தது: எளிய சபோட்டாஜ் பற்றியது. ஜெர்மானியர் பிடித்துவைத்திருந்த நாடுகளில் உள்ள சாதாரணக் குடிமக்களை மனதில் வைத்து எழுதியது. வெடிமருந்து வேண்டாம், கூட்டாளி வேண்டாம், அவரவர் இருக்கும் இடத்திலிருந்தே அவரவர் கையில் கிடப்பதை வைத்துச் செய்ய வேண்டியவை. படிக்கச் சுவையான ஆவணம். எதிரியின் பிரச்சாரப் படம் ஓடும் கொட்டகைக்குள் காகிதப் பையில் இரண்டு மூன்று டஜன் பெரிய அந்துப்பூச்சிகளைக் கொண்டுபோய்த் திறந்து வைத்துவிடு, அவை வெளிச்சத்தைத் தேடிப்போய் ஒளிக்கற்றையில் பறந்து திரையை மறைத்துவிடும் என்கிறது ஓரிடத்தில். அதை எழுதியவர் சின்ன வயதில் செய்து பார்த்திருப்பாரோ என்று நினைத்துக்கொண்டேன்.

ழோரேஸின் பேச்சு இந்தக் கையேட்டிலும் வேறு வடிவத்தில் வருகிறது. தெரிந்தே முட்டாளாக நடந்துகொள்வது மனித இயல்புக்கு ஆகாது என்பதை அதை எழுதியவர்கள் உணர்ந்திருந்தார்கள். இதுவரை கருவியைக் கூராக வைத்திருந்தவன் இனி மழுங்க விட வேண்டும், எண்ணெய் விட்டவன் மணலைப் போட வேண்டும், சுறுசுறுப்பானவன் சோம்பேறியாக வேண்டும். இந்தத் தலைகீழ்ப் புத்தி எளிதில் வராது, அதற்குத் தூண்டுதல் வேண்டும் என்று பக்கம் ஒதுக்கி எழுதியிருக்கிறார்கள்.

ஆனால் கடைசிப் பகுதியில், நிர்வாகத்தையும் கூட்டங்களையும் கெடுப்பது எப்படி என்று வரும்போது, அந்தத் தயக்கமெல்லாம் போய்விடுகிறது. எதையும் முறையான வழியாகவே செய்ய வேண்டும் என்று பிடிவாதம் பிடி, குறுக்குவழியில் முடிவெடுக்க விடாதே. எல்லாவற்றையும் குழுவின் பரிசீலனைக்கு அனுப்பு. குழுவில் ஐந்து பேருக்குக் குறையக் கூடாது. கடிதத்திலும் தீர்மானத்திலும் சொல்லுக்குச் சொல் சண்டை போடு. போன கூட்டத்தில் முடிந்துபோனதை இந்தக் கூட்டத்தில் மறுபடி கிளப்பு. இதை முடிவு செய்ய நமக்கு அதிகாரம் இருக்கிறதா, மேலிடத்துக்கு ஒவ்வாமல் போகுமோ என்று கவலைப்படு. ஒருவர் கையெழுத்துப் போதும் என்ற இடத்தில் மூன்று கையெழுத்து கேள். வேலை தெரியாதவனுக்குப் பதவி உயர்வு கொடு. 2008இல் கையேட்டின் ரகசியத்தன்மை நீக்கப்பட்ட பிறகு இந்தப் பக்கங்கள் பல அலுவலகங்களில் சிரிப்போடு கைமாறின. சிரிப்புக்கு அப்பால் எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. அந்துப்பூச்சி யோசனையை யாரோ குறும்புக்காரர் கொடுத்திருக்கலாம். இந்தப் பட்டியலின் நுட்பம் எங்கிருந்து வந்தது? எதிரி நாட்டு ஆலைக்குள் போய்க் கற்றதாக இருக்க முடியாது. வாஷிங்டனில், தாங்களே உட்கார்ந்திருந்த கூட்டங்களிலிருந்துதான் எழுதியிருக்க வேண்டும். கடைசல் எந்திரத்தின் முன்னால் நிற்கிறவனிடம் இதைச் செய் என்று மன்றாட வேண்டியிருந்தது. மேசைக்குப் பின்னால் இருப்பவனுக்கு அது தெரிந்த வேலை.

தமிழ்ப் பத்திரிகைகள் இதை ‘நாசவேலை’ என்றுதான் எழுதுகின்றன. தண்டவாளக் கொக்கிகள் கழற்றப்பட்ட செய்திக்கு அந்தச் சொல் பொருந்துகிறது. பூழே சொன்னதில் பாதிக்குமேல் அதற்குள் அடங்காது. மேசைக்குப் பின்னால் நடப்பதை அது தொடவே இல்லை.

அந்த மேசைப்பக்கம் இப்போது இணையத்துக்குக் குடிபோயிருக்கிறது. பொருளாதார அறிஞர் ரிச்சர்ட் தேலர் 2018இல் இதற்கு ‘ஸ்லட்ஜ்’ என்று பெயர் கொடுத்தார். எந்திர அடியில் தேங்கும் குழைசேறு. நுழைய ஒரு பொத்தான், வெளியேற ஒன்பது கதவு. படிவம், மறுபடிவம், ஒரு எண்ணை அழுத்து, காத்திரு, உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது. இங்கே எதுவும் பழுதாகவில்லை. தேர்ந்த பொறியாளர்கள், தேர்ந்த வடிவமைப்பாளர்கள், சம்பளம் வாங்கிக்கொண்டு, சோதித்துச் சோதித்துக் கட்டிய சிரமம் இது. கிளாஸ்கோக்காரன் தன் திறமையை ஒளித்துவைத்துச் செய்ததை இவர்கள் திறமையின் உச்சத்தில் நின்று செய்கிறார்கள். அவனுக்கிருந்த கூச்சம் இவர்களுக்கு இருக்குமா என்பதைத்தான் நான் யோசிக்கிறேன். பயன்பாட்டை எளிதாக்கக் கற்றுத்தரும் பள்ளியில் படித்துவிட்டு வந்து, மாதக்கணக்கில் ஒரு வெளியேறும் வழியைச் சிக்கலாக்கிக்கொண்டிருக்கும் இளைஞனுக்கும் கை தானாகச் சரிசெய்யப் போகாதா?

அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் 2023 ஜூனில் அமேசான் மேல் வழக்குப் போட்டது. பிரைம் சந்தாவில் மக்களை அறியாமல் சேர்த்துவிடுகிறார்கள், விலக முயல்பவர்களை அலைக்கழிக்கிறார்கள் என்பது புகார். விலகுவதற்கு நான்கு பக்கங்கள், ஆறு சொடுக்குகள், பதினைந்து தெரிவுகளைக் கடக்க வேண்டியிருந்தது என்று ஆணையம் எண்ணிக் காட்டியது. நிறுவனத்துக்குள் அந்த வழிக்கு ஒரு பெயர் வைத்திருந்தார்களாம்: இலியட். ட்ராய் நகரத்தின் பத்தாண்டு முற்றுகையில் சில வாரங்களைப் பாடும் ஹோமரின் காவியம். பெயர் வைத்தவர் இலக்கியம் படித்தவர்; தான் கட்டுவது என்ன என்று அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

2025 செப்டம்பரில் அமேசான் 250 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. தவறு எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. சமரச நிபந்தனைகளில் ஒன்று, சந்தா வேண்டாம் என்பவருக்குத் தெளிவான பொத்தான் வைக்க வேண்டும் என்பது. ‘இல்லை, எனக்கு இலவச டெலிவரி வேண்டாம்’ என்று எழுதிய பொத்தானை இனி வைக்கக் கூடாது.